அயல்நாட்டுப் பிள்ளையும் அணையின் எச்சரிக்கையும்

மாணவர்களே, வைகை அணையில் நீரைத் தேக்கும் உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுக்கப்படும்; 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. வெள்ளம் வருமுன் விலகிக்கொள்வதற்கே இவ்வேற்பாடு.

அயல்நாட்டில் அமைதி குலையுங்கால் நம் தூதரகம் செய்வதும் இதனை ஒத்ததே. 2022 பிப்ரவரி 15, 20, 22 ஆகிய நாள்களில், உக்ரைனிலிருந்த இந்திய மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறுதல் நலம் என்று கீவ் நகரத் தூதரகம் அறிவித்தது. பலர் புறப்படவில்லை. அச்சமின்மையன்று காரணம். வகுப்புகள் நேரில் நடந்துகொண்டிருந்தன; வருகைப் பதிவு குறையுமே என்ற தயக்கம். பயணச்சீட்டு விலையோ ஏறியிருந்தது! 24ஆம் நாள் போர் மூண்டது, வான்வழி அடைபட்டது. போலந்து, ருமேனியா எல்லைகளை நோக்கிக் கடுங்குளிரில் நடந்தவர் பலர். 'கங்கா' நடவடிக்கையின் சிறப்பு விமானங்களே அவர்களைத் தாயகம் சேர்த்தன.

பெற்றோரின் கவலை அந்நாள்களில் கைபேசியையே சுற்றிக் கிடந்தது. ஓயாது அழைத்தால் பதுங்கறையிலிருக்கும் பிள்ளையின் கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிடும். அழையாதிருக்கவும் மனம் ஒப்பாது. அக்கவலை பயன்படும் காலம் 66 அடியில்தான் என்பது என் கருத்து. "ஒரு பருவம் போனாற் போகட்டும், புறப்பட்டு வா" என்னும் சொல், கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய தந்தையின் வாயில் எளிதில் வருவதில்லை. அதனை நீங்கள் முதலிற் சொன்னால் அவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.