கெடு முடியுமுன் நிலத்தை விட்டால் குத்தகைப் பணம் யார் தலையில்?

திண்டிவனம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும், விழுப்புரம் வட்டாரத்து ஏரிப் பாசன வயல்களிலும் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது. 'மூன்று வருஷம் பயிர் வைத்துக்கொள், காணிக்கு இவ்வளவு கொடு' என்பதோடு சரி. சீட்டும் கிடையாது, ரசீதும் கிடையாது. மழை பெய்து மணிலா விளைந்தால் தொல்லை இல்லை. இடையில் நிலத்தை விட நேரும்போதுதான் வில்லங்கம் ஆரம்பமாகிறது.

ஒருவர் இரண்டு காணியை ஆண்டுக்கு 20,000 ரூபாய் ரொக்கக் குத்தகைக்கு மூன்று ஆண்டுகளுக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு மணிலா பிடுங்கியதும் கிணறு வற்றிவிடுகிறது. மகனும் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுகிறான். இனி ஆகாது என்று அவர் நிலத்தை விட்டுவிடுகிறார். நிலக்காரரோ மூன்றாம் ஆண்டுப் பணத்தையும் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

பயிரிட்ட இரண்டு ஆண்டுகளுக்குரிய பாக்கியைக் கட்டித்தான் ஆகவேண்டும். மூன்றாம் ஆண்டு விஷயம் வேறு. ஏரைக் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டதாலேயே குத்தகை முறிந்துவிடாது. நிலத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும், நிலக்காரரும் அதை ஏற்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்துத்தான் ஏற்கவேண்டும் என்பதில்லை. அவரே அந்த நிலத்தை உழுது விதைத்தாலும், வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டாலும் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதற்குப் பிறகும் பழைய குத்தகைதாரரிடம் பணம் கேட்பது ஒரே நிலத்துக்கு இரண்டு குத்தகை வாங்குவதாகும். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டாலும், அந்த நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள நிலக்காரருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ம் பிரிவு சொல்கிறது.

'இயற்கை கெடுத்துவிட்டது, நான் என்ன செய்வேன்' என்ற வாதம் எடுபடுமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பயிரை இழந்தவருக்கு இந்த வாதம்தான் முதலில் தோன்றும். ஆனால் சட்டம் இதில் கொஞ்சம் கடுமையானது. 1947-ல் பஞ்சாபில் ஒருவர் ஓராண்டுக்கு விவசாய நிலம் குத்தகைக்கு எடுத்தார். நாடு பிரிந்தது. நிலம் பாகிஸ்தானில் நின்றுவிட, அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். கட்டிய குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். நிலம் ஒருமுறை கைமாறிவிட்ட பிறகு, நிறைவேற்ற முடியாத ஒப்பந்தம் என்று சொல்லிக் குத்தகையை ரத்தாக்க முடியாது என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே ஒரு போகம் போனதற்காக நிலத்தை விட்டுவிட்டு வந்து, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து. தள்ளுபடியோ தவணையோ, நிலக்காரரிடம் உடனே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வதே நலம்.

நிலத்தை விடுவதென்று முடிவானால், நிற்கும் பயிரை எடுத்துக்கொண்டு, போகம் முடிந்த பிறகு விடுவது நல்லது. ஒப்படைப்புச் சீட்டில் சர்வே நம்பர், பரப்பு, ஒப்படைத்த தேதி, எந்தப் போகம் வரை பணம் தீர்ந்தது, முன்பணம் எப்படிக் கழிக்கப்பட்டது ஆகியவை இருக்கவேண்டும். இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் போட்டால் போதும். நிலக்காரர் வாங்க மறுத்தால் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். 1969-ம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பெயர் பதிவாகியிருந்தால், தாசில்தாரிடம் மனுக் கொடுத்து அதையும் மாற்றவேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பின்னால் பாக்கி யாருடையது என்ற சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஆனால் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்கவும் கூடாது. தானும் தன் குடும்பத்தாரும் உடலுழைத்துப் பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சொன்ன கெடு முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் அவரை வெளியேற்ற முடியாது. பாக்கி வைத்தல், நிலத்தைக் கெடுத்தல் போன்ற காரணங்களைக் காட்டி வருவாய்க் கோட்ட அதிகாரியிடம்தான் போகவேண்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் தனித்தனிக் கோட்டங்கள் உண்டு. நிலக்காரர் பணத்தை வாங்க மறுத்தால் அங்கேயே கட்டிவிடவும் இச்சட்டம் வழிசெய்கிறது. இத்தனை உரிமையும் வெற்றுத் தாளில் போடும் ஒரு கைநாட்டில் போய்விடும்.

கேட்கிற தொகையும் சரிதானா என்று பார்க்கவேண்டும். 1956-ம் ஆண்டு நியாய வாரச் சட்டம் நன்செய்க்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று ஆரம்பத்தில் வைத்திருந்தது; பிறகு வந்த திருத்தம் அதை 25 சதவீதமாகக் குறைத்தது.

பழைய பாக்கிக்கு நிலக்காரர் வழக்குப் போடக் கெடு, பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். வழக்கு வந்துவிட்டால் வக்கீல் வைக்க வசதியில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வெள்ளம் வறட்சியால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். போகும்போது ஒப்படைப்புச் சீட்டு, பணம் கட்டிய ரசீதுகள், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கல் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லவேண்டும்.