புதிய கடல்மீனின் உடலில் புள்ளியா? மருந்துக்கு முன் காரணம் காண்க

கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் வழக்கம் தோட்டப்புற இல்லங்களுக்குப் புதியதன்று. கப்பியும் சண்டை மீனும் வளர்த்துப் பழகியவருள் சிலர், கையில் சிறிது பணம் சேர்ந்ததும் கடல்மீன் பக்கம் திரும்புவதுண்டு. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் ஆகிய ஊர்களில் வாழ்வோருக்குக் கடல் தொலைவில் இல்லை. எனினும் தொட்டிக்கு வரும் வண்ண மீன்கள் நம் கரையில் பிடிபட்டவை அல்ல. மலாக்கா நீரிணையின் கரையோர நீர் சேறு கலந்தது. வண்ண மீன்களோ இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் முதலிய நாடுகளின் பவளப்பாறைக் கடல்களிலிருந்து பிளாஸ்டிக் பைகளில் அடைபட்டுப் பல கைகள் மாறி நம்மிடம் வந்து சேர்கின்றன. இத்தகைய மீன் ஒன்றின் விலை சில வேளைகளில் பல நாள் கூலிக்குச் சமமாகும். அத்தகைய மீன் தொட்டிக்கு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அதன் உடலில் ஒரு புள்ளியோ கோடோ தென்பட்டால், வாங்கியவர் மனம் பதறுவது இயல்பே.

அப்பதற்றத்தில் கடைக்கு ஓடி, ஏதேனும் ஒரு மருந்தை வாங்கித் தொட்டியில் ஊற்றிவிடுவோர் பலர். மீனைக் கொல்வது பெரும்பாலும் புள்ளியன்று, இவ்வவசரமே. மரம் சீவும் தொழிலாளி, வெட்டுப்பட்டையில் காணும் வடு கத்தி ஆழமாகப் பட்டதால் வந்ததா, மழைக்காலப் பட்டை அழுகலால் வந்ததா என்று பார்த்த அளவிலேயே கூறிவிடுவார். இரண்டுக்கும் ஒரே மருந்தை அவர் பூசமாட்டார். மீனுக்கும் அந்தக் கண்ணே வேண்டும்.

முதலில் அறிய வேண்டுவது, அடையாளம் எப்போது தோன்றியது என்பது. பையைத் திறக்கும்போதே இருந்தால், அது பெரும்பாலும் பயணத்தின் விளைவாகும். வலையில் உரசிய இடத்தில் செதில் உதிர்ந்து வெண்மையாகத் தெரியும். துடுப்பின் அடியில் செந்நிறக் கீற்றுகள் தோன்றினால், மீனின் கழிவிலிருந்து பைநீரில் சேர்ந்த அம்மோனியா தோலைச் சுட்டிருக்கலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. மூடிய பையில் மீன் வெளிவிடும் கரியமிலவாயு நீரின் காரத்தன்மையைக் குறைத்து, அம்மோனியாவின் நச்சையும் அடக்கி வைக்கிறது. பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, அம்மோனியா முழு வேகத்துடன் நஞ்சாகிவிடும். ஆகவே நெடுந்தொலைவு பயணம் செய்த மீனைத் திறந்த பையில் மணிக்கணக்காக மிதக்க விடுதல் நன்றன்று. வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து நல்ல நீரில் விட்டுவிட வேண்டும். பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

அடையாளம் தட்டையானதா, மேடாக உள்ளதா என்பதை அடுத்து நோக்க வேண்டும். உடலின் இரு புறமும் ஒரே இடத்தில், தட்டையாக, நிறம் மட்டும் மாறியிருந்தால் அது நோயாக இருத்தல் அரிது. மஞ்சள் டாங் எனப்படும் மீன் இருட்டானதும் தன் மஞ்சள் நிறம் மங்கி, நடுவுடலில் பழுப்புத் திட்டும் அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் காட்டும். விடிந்து விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் அவை மறைந்துவிடும். இதனை அறியாதார் நள்ளிரவில் எழுந்து பார்த்து அஞ்சுவர். 'நிமோ' திரைப்படம் 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தபின் எங்கும் புகழ்பெற்ற கோமாளி மீனோ, புதிய கடற்சாமந்தியிலோ பவளத்திலோ உராயும்போது கொட்டப்பட்டுக் கரும்புள்ளிகள் கொள்வதுண்டு. நாளடைவில் அவை தாமே மறையும். துடுப்பில் பிறைவடிவில் ஒரு துண்டு காணாமற் போயிருந்தால், பழைய மீன் புதியதைக் கடித்திருக்கிறது என்று கொள்ளலாம். அங்கு வேண்டுவது மருந்தன்று, இரண்டுக்கும் இடையே ஒரு தடுப்பு.

துடுப்பு ஓரத்தில் பூக்கோசின் சிறு துணுக்குப் போன்ற வெண்முண்டுகள் தோன்றுவது லிம்ஃபோசிஸ்டிஸ் என்னும் நச்சுயிரியின் வேலை. பார்ப்பதற்கு அருவருப்பாக இருப்பினும், நல்ல உணவும் தூய நீரும் கிடைத்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானே உதிரும். அதற்கு மருந்து கிடையாது. மருந்து என்று விற்கப்படுவதை வாங்குவது வீண் செலவே.

உண்மையில் அஞ்சத்தக்கவை இரண்டு. ஒன்று வெண்புள்ளி நோய். உப்புத் தூளைத் தூவினாற்போல் தனித்தனியான, மேடான வெண்மணிகள் உடலிலும் துடுப்பிலும் தோன்றும். ஜப்பானில் 1937-ஆம் ஆண்டில் சிகாமா என்பவர் இதனைக் குறித்தார். 1951-ஆம் ஆண்டில் பிரவுன் என்னும் ஆய்வாளர் இதனை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்குக் கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ் எனப் பெயரிட்டார். நம் நாட்டுக் கடற்கூண்டுகளில் வளரும் சியாக்காப், கெராப்பு மீன்களையும் இது தாக்கும்.

இவ்வொட்டுண்ணியின் வாழ்க்கை முறையை அறியாமல் இதனை வெல்ல இயலாது. மீனின் மேல்தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாள் வரை இது தின்று வளர்கிறது. அப்போது எம்மருந்தும் இதனை எளிதில் எட்டாது. பின்னர் மீனை விட்டு விழுந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டுகிறது. மீனின் உடல் தூய்மையாகிவிடுவதால், வளர்ப்பவர் 'நோய் தீர்ந்தது' என மகிழ்வார். கூட்டினுள்ளோ ஓர் ஒட்டுண்ணி பிளவுபட்டு இருநூறு வரை குஞ்சுகளாகிறது. சில நாள் முதல் சில வாரங்களுக்குள் அவை வெளிவந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மீனைத் தேடிப் பற்றுகின்றன. முதலில் பத்துப் புள்ளி இருந்த மீனில் மறுமுறை நூறு புள்ளி இருக்கும். கூடுகள் 72 நாள் வரை கழித்துப் பொரிந்ததும் அறியப்பட்டுள்ளது. ஆகவேதான் நோயுற்ற தொட்டியை மீனின்றி ஏறத்தாழ பத்து வாரம் விட்டுவைக்குமாறு கூறுவர்.

மற்றது இதனினும் கொடியது. அமைலோடினியம் என்னும் ஒட்டுண்ணி மாவுத் தூள் போல, சற்றே பொன்னிறமாகப் படியும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் கைவிளக்கைப் பாய்ச்சினால் தெரியும். இது முதலில் செவுளையே தாக்குவதால், தோலில் அடையாளம் தெரியுமுன்பே மீன் விரைந்து மூச்சுவிடும், ஒளியை வெறுக்கும், நீரோட்டத்தின் எதிரே சென்று நிற்கும். சில வேளைகளில் ஓரிரு நாளிலேயே மீன் மாண்டுபோகும். எனவே புள்ளிகளை எண்ணுவதினும் செவுள் அசைவை எண்ணுவது மேலானது. மீன் வந்த நாள் தொட்டு, நிமிடத்திற்கு எத்தனை முறை செவுள் அசைகிறது என்று ஒரு தாளில் குறித்து வந்தால், எண்ணிக்கை ஏறும்போது ஐயமின்றித் தெரிந்துவிடும். இது காத்திருக்கலாகாத நோய்.

இவ்விரண்டுக்கும் செப்பு மருந்து பயன்படும். ஆனால் செப்பு, இறால், நத்தை, பவளம் முதலியவற்றுக்கு நஞ்சு. அளவு குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. மிகுந்தால் மீனே சாகும். கடைகளில் இருவகைச் செப்பு மருந்துகள் உள்ளன. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. சோதனைக் கருவி இன்றி இதனைக் கையாள முனைவது கண்ணை மூடிக்கொண்டு மரம் சீவுவதை ஒக்கும். வெண்புள்ளி நோய்க்கு மட்டும், நீரின் உப்பை இயல்பான 35-இலிருந்து ஆயிரத்துக்கு 15 அல்லது 16 பங்காகச் சிறிது சிறிதாகக் குறைத்து மூன்று வாரம் வைக்கும் முறையும் உண்டு. பொன்னிறத் தூள் நோயை அது தீர்க்காது. நன்னீரில் சில நிமிடம் அமிழ்த்துவது தோலின்மேல் ஒட்டிய தட்டைப்புழுக்களை உதிர்க்குமேயன்றி, தோலுக்குள் புதைந்த வெண்புள்ளியைத் தொடாது.

இவை அனைத்தையும் பவளமும் இறாலும் உள்ள பெரிய தொட்டியில் செய்ய இயலாது. அதனால்தான் புதிய மீனை நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். அத்தொட்டிக்கு மணல் வேண்டா. வெப்பக் கருவி, வடிப்பான், மீன் ஒளிய ஒரு குழாய்த் துண்டு ஆகியவை போதும். ஐயம் தீராவிடில் மீன்வளத் துறையின் உதவியை நாடலாம். இறந்து நெடுநேரமான மீனை எடுத்துச் செல்வதில் பயனில்லை. மீன் இறந்ததும் ஒட்டுண்ணிகள் அதனை விட்டு நீங்கிவிடும். நோயுற்ற மீனை உயிரோடு, அதன் நீருடன் கொண்டு செல்வதே முறை. தனித் தொட்டிக்குப் பயன்படும் வலையும் வாளியும் பெரிய தொட்டியில் நனையலாகாது. ஈரம் காயாத ஒரு வலை போதும், ஒட்டுண்ணி அங்குக் குடிபுகுவதற்கு.