வயல் நடுவே ஒரு கோபுரம்

மன்னார்குடிப் பக்கம் கோவில்களப்பாலில் இயற்கை வாயுவில் இயங்குமாறு அமைத்த மின் நிலையத்தின் திறன் சுமார் 108 மெகாவாட். இத்தனை ஆற்றலை வெளியூருக்கு அனுப்ப உயரழுத்தம் ஏன்? மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்திலொன்றாகும்; கம்பியில் வீணாகும் வெப்பமோ நூறிலொன்றாகும். ஆனால் உயரழுத்தக் கம்பிக்குக் கோபுரம் வேண்டும். டெல்டாவில் அது நெல் வயலில்தான் நிற்கும்.

மின்பாதைத் திட்டத்தை யாருடன் கலந்து வகுப்பது? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 39ஆம் பிரிவு மின் உற்பத்தியாளர், உரிமதாரர், அரசு என்று பட்டியலிடுகிறது. உழவர் பெயர் அதில் இல்லை; மாநில அரசு விரும்பினால் சேர்க்கலாம்.

அவர் பெரும்பாலும் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் வழியாகவே உள்ளே வருகிறார். நிலம் அவருடையதே, சேதத்துக்கு இழப்பீடும் உண்டு; தடுத்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி தரலாம். இது மிகவும் பிந்திய அழைப்பு. வரைபட நிலையிலேயே கேட்டால் கோபுரத்தை வரப்போரம் நகர்த்தலாம், அறுவடை இயந்திரமும் தடையின்றித் திரும்பும்.