192 அடிக் கோபுரமும் 36 படச் சுருளும்

மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம். செம்மண் தேரியும் பனங்காடுமாக விரிந்து கிடக்கும் அந்தப் பக்கத்தில் ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்த எண்பதுகளில் அதை ஒரே படத்துக்குள் அடக்குவது பெரும்பாடு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் மல்லாக்கச் சாய்வதுபோல் விழும். நேராகப் பிடித்தால் உச்சிச் சிலுவை வெட்டுப்படும். சாயாமலும் வெட்டுப்படாமலும் வேண்டுமென்றால் நூற்றைம்பது மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். போனால் நடுவில் பனைமரம், மின்கம்பி, ஓட்டுக்கூரை எல்லாம் வந்து நிற்கும்.

அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துப் பார்த்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது கோபுரம் இல்லை. பதநீர்க் கலயத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண், வேலிமேல் காயும் சேலை. ஊரை விட்டுவிட்டுக் கோபுரத்தை மட்டும் எடுக்க அந்த லென்ஸ் சம்மதிக்கவில்லை.

இப்போது ட்ரோன் பறக்கிறது. கோபுரம் தனியாக, சுத்தமாக, மேலிருந்து கீழாகத் தெரிகிறது. பண்டிகை வீடியோக்களில் எல்லாம் அதே காட்சி. 'கடவுளின் பார்வையில் நம் ஆலயம்' என்று ஒரு தம்பி தலைப்புப் போட்டிருந்தார். படம் அழகுதான், தலைப்பை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. எங்கள் விசுவாசத்தின் கதையே மேலே இருந்தவர் கீழே இறங்கி மாட்டுத் தொழுவத்தில் பிறந்த கதைதான். அவர் மனிதரைப் பார்த்தது மனிதரின் கண் உயரத்தில் நின்று.

பிலிம் காலத்துக் கணக்கை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு சுருளில் 36 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் கடையில் கிடைத்த காலம். கலர் வேண்டுமானால் கோடக், கொனிகா. சுருளுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. வங்கிக் குமாஸ்தா சம்பளத்தில் அதெல்லாம் மளிகைக் கடைப் பாக்கியோடு போட்டி போடும். இன்று ஊட்டி ஆலை மூடிக் கிடக்கிறது. கொனிகா 2006-இல் புகைப்படத் தொழிலையே விட்டுவிட்டது.

காசைவிடப் பெரிய கட்டுப்பாடு வெளிச்சம். பழைய மிஷன் ஆலயங்களின் சுவர் கனம், சன்னல் குறுகல். 100 ஏ.எஸ்.ஏ. பிலிமை வைத்துக்கொண்டு உள்ளே படம் எடுக்க ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி அரை விநாடி, சில சமயம் ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் ஆலய ஊழியரான கோயில்குட்டியார் வந்துவிடுவார். "அண்ணாச்சி, ஆராதனை முடியட்டு. பொறவு எவ்வளவு வேணும்னாலும் எடுங்க." முடிந்த பிறகு எடுப்பதற்குக் காலிப் பெஞ்சுகள்தான் இருக்கும். ஆகவே சபை கூடியிருக்கும்போதே, சத்தமில்லாமல், அத்தனை பேரும் அசையாமல் இருக்கும் ஒரு விநாடிக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு சபை முழுவதும் அப்படி அசையாமல் இருப்பது ஜெபத்தின்போது மட்டும்தான்.

நான் பிரசங்கங்களைக் கவனித்துக் கேட்கத் தொடங்கியது பக்தியால் அல்ல, வெளிச்சம் போதாததால். அடுத்த ஜெபம் எப்போது வரும் என்று காத்திருந்தவன் காதில் விழுந்ததெல்லாம் உள்ளே தங்கிவிட்டது. அதோடு ஒரு உறுத்தலும் தங்கியது. கண்ணை மூடச் சொல்லும் அந்த நேரத்தில் கூட்டத்திலேயே கண்ணைத் திறந்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். முழங்காலில் நிற்கும் ஒரு பாட்டியின் உதடு அசைவதை வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கிறவன் அவளோடு ஜெபிக்கிறானா, அவளை வேவு பார்க்கிறானா? இன்றும் எனக்குத் தெளிவான பதில் இல்லை. அந்தக் கேள்வி இல்லாமல் ஆலயத்துக்குள் கேமராவைத் தூக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

இன்றைய கேமராவுக்கு இருட்டு ஒரு தடையே இல்லை. கைப்பேசிகூட மெழுகுவத்தி வெளிச்சத்தில் படம் எடுக்கிறது. ஜெபத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். திருவிருந்து, ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாவற்றிலும் கைகள் உயர்கின்றன. அன்று கண் திறந்திருந்தது ஒருவன். இன்று பாதிச் சபை. சென்ற ஆண்டு போன ஒரு கல்யாணத்தில், தாலி கட்டியது சரியாகப் பதியவில்லை, இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா என்று வீடியோக்காரர் திருமணத்தை நடத்திய சபை ஐயரிடமே கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். அவரை மனதுக்குள் வாழ்த்தினேன். அடுத்த நிமிஷம் எனக்கும் ஒரு உத்தரவு வந்தது: "அங்கிள், கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க, ஃப்ரேம்ல வாரீங்க."

கோயிலுக்கு வெளியிலும் இதே மாற்றம்தான். கடலோர ஊரான மணப்பாட்டுக்கு நான் போகத் தொடங்கியபோது கடற்கரையில் வலை உணத்துகிறவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். மணல்குன்றின்மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். அதற்குக் கீழே, கடலைப் பார்த்தபடி, பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாக மக்கள் போற்றும் குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வைத்து மந்திரங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். காது வழியாகப் பரவிய விசுவாசம் அது. இன்று அந்தக் கடலில் அலைச்சறுக்கு விளையாட வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். குன்றின்மேல் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். செல்ஃபி எடுக்க அப்படித்தான் நிற்க வேண்டும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வரும் கூட்டம் வேறு மாதிரி. அதிலும் கைப்பேசி உண்டு. ஆனால் கடலுக்குப் போயிருக்கும் மகனுக்காக நேர்ந்துகொண்டு வந்தவளுக்குப் படம் இரண்டாம் பட்சம்தான். 1806-இல் முதன்முதலாக ஓடிய தூத்துக்குடி பனிமய மாதா தங்கத்தேர் 2023-இல் வீதிக்கு வந்தபோதும் இதைத்தான் பார்த்தேன். வடம் பிடித்தவன் கையில் கைப்பேசி இல்லை. இரண்டையும் ஒரே கையால் பிடிக்க முடியாது.

மனம் உண்மையிலேயே கசந்த இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பவளப்பாறைக் கல்லில் கட்டிய கோயிலின் சுவர்கள் மட்டும் நின்றன. அன்றெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அப்புறம் மணலிலும் நீரிலும் தள்ளாடிப் போகும் வேனில் மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அந்தச் சுவர்களுக்குள் பேச்சு வராது. கூரையில்லாத பலிபீடத்தின்மேல் மத்தியான வெயில் நேராக இறங்கும். கல்லில் பவளத்தின் துளைகளை விரலால் தொட்டுப் பார்க்கலாம், ஒவ்வொன்றும் மிளகு அளவு. கடலிலிருந்து எடுத்துக் கடவுளுக்குக் கட்டியதைக் கடலே திரும்பப் பாதி எடுத்துக்கொண்டது. இதைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை, கேட்கவும் விரும்பவில்லை. யோபுவின் நண்பர்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டுப்போனார்கள். அதற்கு முன் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை வந்தது. அங்கே சங்கு, பாசி விற்றுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு அது நல்ல காலம். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பலிபீடத்தின் முன்னால் வண்ணப் புகைக் குப்பியைக் கொளுத்திக் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் நடப்பதைப் பார்த்தபோது கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் 1964 தெரியாது. சொல்லித்தர அங்கே யாரும் இல்லை.

இப்படிப் பேசிக்கொண்டே போனால் 'அந்தக் காலம் போல வருமா' என்ற புலம்பலாகிவிடும். என் தீர்ப்பு அது அல்ல. அந்தக் காலத்துப் படங்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நாற்காலியில் ஐயர், இரண்டு பக்கமும் சேகரக் கமிட்டி ஆண்கள், அங்கவஸ்திரம், கைத்தடி. பெண்கள் இருந்தால் கடைசி வரிசை. கோயிலைப் பெருக்கியவர், மணி அடித்தவர், அசனப் பண்டிகைக்கு அண்டா அண்டாவாகச் சமைத்தவர் ஒருவரும் இல்லை. கைப்பேசிதான் அவர்களுக்கெல்லாம் முகம் கொடுத்தது. பாடகர் குழுவில் பாடும் பெண்பிள்ளை தன்னைத் தானே எடுத்துக்கொள்கிறாள். எங்கள் அம்மாக்களுக்கு அது வாய்க்கவில்லை.

படம் மறைத்ததைக் கட்டடம் காட்டிக்கொடுப்பதும் உண்டு. வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை முன்னால் நின்று எடுத்தால் கம்பீரமான கோயில். உள்ளே போனால்தான் கதை புரியும். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள், காற்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி. அன்று ஒன்றில் வேளாளர், ஒன்றில் நாடார். நடுவில் சுவர். பீடத்தில் நின்ற சாமியாருக்கு மட்டும் இரண்டு கூட்டமும் தெரியும். கூட்டத்துக்கு ஒன்றையொன்று தெரியாது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது, வழக்கும் நடந்தது. அந்தக் கோயிலைப் பீடத்தின் பக்கத்திலிருந்து எடுத்த பிறகுதான், ஒரு ஆலயத்தைப் படம் எடுக்க முதலில் எங்கே நிற்பது என்று யோசிக்கக் கற்றேன். கோபுரத்தின் அழகு பாதிச் செய்திதான். யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதுதான் மீதி. கல்லறைத் தோட்டத்துக்குள் இன்றும் சுவர் இருக்கிற ஊர்கள் உண்டு. அந்தச் சுவரை எந்த ட்ரோனும் எடுக்கவில்லை.

டோனாவூரில் மாற்றம் வேறு திசையில் நடந்திருக்கிறது. 1901-இல் அங்கே குடியேறிய மிஷனெரி ஏமி கார்மைக்கேல், மீட்டெடுத்த குழந்தைகளைப் பற்றி 1909-இல் 'லோட்டஸ் பட்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஊட்டி ஸ்டூடியோக்காரர் பென்னை வரவழைத்து எடுத்த குழந்தைப் படங்கள் அதில் நிறைய. அந்தக் கனத்த கேமராவின் முன் பிள்ளைகளை உட்கார வைத்து அப்படிச் சிரிக்க வைத்திருப்பது சாதாரண வேலை அல்ல. நான் முயன்று தோற்றிருக்கிறேன். இங்கிலாந்தில் அந்த முகங்களைப் பார்த்துத்தான் பலர் மனம் இரங்கினார்கள். இன்று அதே படங்களை யாராவது எடுத்து வெளியிட்டால் குற்றம். பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. நல்ல சட்டம். இரக்கத்துக்காகக்கூட ஒரு குழந்தையின் முகத்தைக் கடன் வாங்கக் கூடாது என்று உணர ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. 1951-இல் மறைந்த ஏமி அம்மையாரோ தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். படம் எடுக்கப் போகிறவர்கள் அதைத் தேட வேண்டியிருக்கும்.

இப்போது என்னை அதிகம் உறுத்துவது வேறு. நூற்றாண்டு தாண்டிய சிற்றூர்க் கோயில்களை வரிசையாக இடிக்கிறார்கள். பனங்கைகள் தாங்கிய ஓட்டுக்கூரை போகிறது, கான்கிரீட் வருகிறது. சுவரில் பதித்த நினைவுக் கல்வெட்டு வெள்ளையடிப்பில் மூடிப்போகிறது, இல்லாவிட்டால் தரைக்கு அடியில் போகிறது. சபை பெருகிவிட்டது, இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம். ஆனால் இடிப்பதற்கு முன் நாலு பக்கமும் நின்று எடுத்த படம் எத்தனை சபைகளில் இருக்கிறது? நூற்றைம்பதாம் ஆண்டு விழா மலர் போடும்போதுதான் பழைய படம் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். என் நெகட்டிவுகளில் பூஞ்சை பிடித்தது போக மீதி அவர்களுக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த டிஜிட்டல் படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தபோது மொத்தமாகப் போயின. முப்பது வருஷம் பழைய நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இன்றும் படம் தெரிகிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் கட்டட நிதி வசூல் தொடங்கிவிட்டதா? வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கைப்பேசியை எடுங்கள். கோபுரம் வேண்டாம், அது ஏற்கெனவே ஆயிரம் பேரிடம் இருக்கிறது. கல்வெட்டை எழுத்து தெரியும்படி எடுங்கள். மணிக்கயிறு, பீடத்துப் படி, பெண்கள் உட்காரும் பக்கம், கல்லறைத் தோட்டத்துச் சுவர், கோயிலைப் பெருக்குகிறவரின் முகம் (அவரிடம் கேட்டுவிட்டு) எல்லாம் எடுங்கள். பத்துப் படத்தையாவது பிரிண்ட் போட்டுப் பின்பக்கம் ஊரும் தேதியும் பெயரும் பென்சிலால் எழுதிச் சேகர அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டோடு வைக்கச் சொல்லுங்கள். ஜெப நேரத்தில் மட்டும் எடுக்காதீர்கள்.