திண்ணைக்கு வந்த பள்ளி

ஒருபக்கம் ஜிகினி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகள். மறுபக்கம் கேழ்வரகு வயல்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து புழங்கும் ஆனேக்கல் தாலுகாவை இந்தியாவின் கம்ப்யூட்டர் தலைநகருக்கு வாசற்படி எனலாம். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா பள்ளிகளை மூடியபோது, இப்படிப்பட்ட தொழிலாளர் குடும்பங்களில் தொழில்நுட்பம் என்பது அப்பாவின் சட்டைப்பையில் இருந்த ஒற்றை செல்போன்தான். அவர் ஷிப்டுக்குப் போனால் வகுப்பும் கூடவே போய்விடும்.

பாடங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் 'தீக்ஷா' தளம் 2017லிருந்தே இருக்கிறது. தூர்தர்ஷனின் சந்தனா சேனலில் 2020 ஜூலை 20 அன்று உயர்நிலை வகுப்புகளுக்கான 'சம்வேதா' தொடங்கியது. எல்லைக்கு அப்பால் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே ஒளிபரப்புக்கு வந்துவிட்டது. யூடியூபில் அதை ஆனேக்கலில் இருந்தும் பார்க்கலாம். ஆனால் கர்நாடகப் பாடத்திட்டத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அதில் பாதிப் பயன்தான்.

தூரத்திலிருந்து பாடம் நடத்துவது கர்நாடகத்துக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டில் அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு டி.வி. போனபோது, ராய்ச்சூர், குல்பர்கா, பீஜாப்பூர் பகுதிகளும் அதில் இருந்தன. அப்போது ஊர் முழுவதும் ஒரே பெட்டியின் முன் கூடியது. கொரோனா காலத்தில் கூடுவதே குற்றம்.

குழப்பமும் குறைவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பே கூடாது என்று 2020 ஜூனில் மாநில அரசு உத்தரவிட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டும் யாருடைய வீட்டுச் சண்டையோ.

உருப்படியான யோசனை ஆகஸ்டில் வந்தது. பெயர் 'வித்யாகமா'. பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்பதே அதன் கணக்கு. இன்டர்நெட் உள்ள செல்போன் வைத்திருப்பவர்கள், சாதாரண போன் மட்டும் உள்ளவர்கள், எதுவும் இல்லாதவர்கள் என்று மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 20, 25 பேரைச் சேர்த்து ஓர் ஆசிரியரை ஒப்படைத்தார்கள். கோயில் மண்டபம், அரசமரத்தடி, சமுதாயக் கூடம், திண்ணை என எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வகுப்பு. செயலி செய்யாததைச் சுண்ணக்கட்டி செய்தது. பிள்ளை எந்த வரியில் தடுமாறுகிறது என்று பார்க்க எதிரில் ஒருவர் இருந்தார்.

இரண்டு மாதம்தான். ஆசிரியர்களும் மாணவர்களும் நோய்த்தொற்றுக்கு ஆளான செய்திகள் வரத் தொடங்கியதும், அக்டோபர் 10 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அச்சம் நியாயமானது. ஆனால் மரத்தடிக்கு மாற்றாகக் கிடைத்தது மறுபடியும் அதே செல்போன்தான்.

விலை எவ்வளவு என்பதை அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை கணக்கிட்டது. (அதன் பல்கலைக்கழகம் இப்போது இதே தாலுகாவின் சர்ஜாபுரத்தில் இருக்கிறது.) கர்நாடகம் உட்பட ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் 2021 ஜனவரியில் 16,067 குழந்தைகளைச் சோதித்தார்கள். முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது 92 சதவீதக் குழந்தைகள் இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம்.

கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 அக்டோபர் 25 அன்று. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அது இரண்டாம் வகுப்பு. இழந்ததை மீட்க 2022-23 கல்வியாண்டில் 'கலிகா சேதரிகே' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அதில் ஆசிரியர் கைக்கு வந்தவை பெரும்பாலும் அச்சடித்த பயிற்சித் தாள்கள்.