தோழியர் மூவர்

நரை கண்ட ஆடவர் கதாநாயகராக ஆடிப் பாடுவதை நம் திரையுலகம் வியப்பின்றி ஏற்கும். நாற்பதைக் கடந்த பெண்மணிக்கோ பெரும்பாலும் தாய் வேடமே மிச்சம். 2017 செப்டம்பரில் வெளிவந்த, பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’ இவ்வழக்கத்தைச் சற்றே மாற்றிற்று. பள்ளித் தோழியர் மூவர் பல்லாண்டுப் பிரிவுக்குப் பின் கூடி, வீட்டை விட்டுச் சில நாள் பயணம் புறப்படுகின்றனர். ஊர்வசி கணவனை இழந்த ஆசிரியை. சரண்யா குடிகாரக் கணவனோடு போராடுபவர். பானுப்பிரியா வடநாட்டில் அரசியல் குடும்பமொன்றின் அடுக்களையில் அடைபட்டவர். அவர்களை ஒன்றுசேர்ப்பவர் ஊர்வசிக்கு மருமகளாக வரவிருக்கும் ஜோதிகா! நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆயினும் ஒரு குறை. இதே பெயரில் 1994-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய படத்திலும் ஊர்வசி உண்டு. அவரோடும் ரேவதியோடும் சரிநிகராக நின்ற மூன்றாமவர், அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் ரோகிணி. இருபத்து மூன்று ஆண்டு கழித்து வந்த படத்தின் தோழியர் மூவருள் அத்தகைய உழைப்பாளி இல்லை.

எங்கள் ஏனாத்தூரில் என்னிடம் பயின்ற ஒருத்தி, இன்று பேரன் கண்டவள், பட்டு நெசவுக் குடும்பத்தினள். படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “ஐயா, எனக்கும் இரண்டு சிநேகிதிகள் இருக்கிறார்கள். நாங்கள் மூவரும் புறப்பட்டால் நூல் சுற்றுவது யார்?”