நோட்டீஸ் வந்தால் முதலில் ஆட்சேபணை மனு

சிங்கூர் என்றால், டாடாவை விவசாயிகள் வென்ற கதை என்றுதான் பலருக்கும் ஞாபகம். தீர்ப்பைப் படித்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. நானோ கார் தொழிற்சாலைக்காக 2006-இல் மேற்கு வங்க அரசு எடுத்த ஏறத்தாழ 1,000 ஏக்கரைத் திருப்பித் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆனால் தனியார் கம்பெனிக்காக எடுத்தது பொதுநோக்கமா என்பதில் இரண்டு நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு. ஒருவர் இல்லை என்றார். மற்றவர், வேலை தரும் தொழிற்சாலை பொதுநோக்கம்தான் என்றார். விவசாயிகளின் ஆட்சேபணைகளை அதிகாரிகள் மனம் செலுத்திப் பரிசீலிக்கவில்லை என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

நில எடுப்பை எதிர்ப்பவர்கள் ‘இது பொதுநோக்கமே அல்ல’ என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான். அந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் அரசுக்கு நிறையவே இடம் கொடுக்கின்றன. நடைமுறை தவறினால் அவ்வளவு இளக்கம் காட்டுவதில்லை.

சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆனாலும் சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசமைப்பின் 300-ஏ பிரிவு சொல்கிறது. பணம் கொடுத்துவிட்டால் போதாது. முன்னறிவிப்பு, விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு எல்லாம் இந்த உரிமைக்குள் அடக்கம் என்று கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

2013 நில எடுப்புச் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்கென்றால் நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டத்துக்கு 70 சதவீதம். சமூகத் தாக்க மதிப்பீடும் நடக்க வேண்டும். முதல்நிலை அறிவிப்பு வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்.

தமிழ்நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பயன்படுகிறது. அதில் சம்மதமும் கிடையாது, தாக்க மதிப்பீடும் கிடையாது. இதை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. அரசு புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. தேசிய நெடுஞ்சாலைக்கோ தனிச் சட்டம். ஆட்சேபிக்க 21 நாள்தான். ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கடைசி நாள் எது என்று பாருங்கள்.

மனுவில் ஊரோடு சேர்ந்த பொதுவான எதிர்ப்போடு உங்கள் புல எண்ணுக்கே உரிய காரணங்களும் இருக்கட்டும்: கிணறு, போர்வெல், தென்னை, வீடு, உங்கள் நிலத்துக்கு மாற்றாக எடுக்கக்கூடிய பக்கத்துப் புறம்போக்கு. நேரில் விசாரிக்கும்படி எழுதிக் கேளுங்கள். ரசீது வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, சந்தை மதிப்பின் மேல் 100 சதவீத ஆறுதல் தொகை சேரும். கிராமப்புறத்தில் மதிப்பே ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு வரை பெருக்கப்படும். தொகை போதவில்லையென்றால், 2013 சட்டத்தில் இழப்பீட்டை முடிவுசெய்யும் உத்தரவான தீர்வத்தை வழங்கும்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால் ஆறு வாரத்துக்குள் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். பணத்தை வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வரி இல்லாமல் வாங்கியவருக்குக் கூடுதல் கேட்கும் வழி அடைபட்டுவிடும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.